முதல் டூயத்லான்: கடைசி ஓட்டத்துக்குக் கால் பலத்தை மிச்சம் வையுங்கள்

டூயத்லான் என்றால் ஓட்டம், சைக்கிள், மறுபடியும் ஓட்டம். நடுவில் கடிகாரம் நிற்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரமும் கணக்கில் சேரும். நீச்சல் தெரியாமல், நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த டிரையத்லானை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல வாசல். நானும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தேன். சென்னை சோழிங்கநல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 40-ஐத் தாண்டிவிட்டது, நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்த வேலை. போன தை மாதம் ஈ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நடந்த ஒரு போட்டியில் முதல் டூயத்லானை முடித்தேன். அளவு கொடுக்க வரும் பெண்கள் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

மற்றதற்கெல்லாம் முன்னால் ஒன்று. இந்தப் போட்டி கடைசி ஓட்டத்தில்தான் இருக்கிறது. முதல் ஓட்டத்தை யாரும் ஓடிவிடலாம், சைக்கிளையும் எப்படியோ மிதித்துவிடலாம். இறங்கிய பிறகு கால் உங்கள் பேச்சைக் கேட்கிறதா என்பதுதான் கேள்வி. பயிற்சியோ சைக்கிளோ உடுப்போ சாப்பாடோ, எதை முடிவு செய்வதானாலும் “கடைசி ஓட்டத்துக்கு இது உதவுமா” என்று கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எந்தத் தூரம்

உலக டிரையத்லான் அமைப்பின் வழக்கப்படி ஸ்டாண்டர்ட் டூயத்லான் 10 கிலோமீட்டர் ஓட்டம், 40 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்பிரின்ட் அதில் சரிபாதி: 5, 20, 2.5. நம் ஊர்ப் போட்டிகளில் இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சுவிட்சர்லாந்தில் ஸோஃபிங்கன் என்ற ஊரில் 1989 முதல் நடக்கும் பவர்மேன் போட்டியில் 10 கிலோமீட்டர் ஓடி, 150 கிலோமீட்டர் மிதித்து, அதற்குப் பிறகு 30 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும். முதல் போட்டிக்கு ஸ்பிரின்ட் எடுங்கள்.

5 கிலோமீட்டரை நடுவில் கொஞ்சம் நடந்தாவது மூச்சு திணறாமல் முடிக்க முடிகிறதா? இன்னொரு நாள் 20 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் எட்டு முதல் பத்து வாரத்தில் தயாராகிவிடலாம். வயது 40-க்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தாலோ பணம் கட்டுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். பெண்கள் நமக்கு இரத்தச் சோகை சாதாரணமாக இருக்கும். ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். அது குறைவாக இருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் உடம்பில் ஏறாது.

சைக்கிள்

புது சைக்கிள் வாங்க வேண்டாம். கியரும் நேர் ஹேண்டில்பாரும் உள்ள ஹைப்ரிட் சைக்கிள் இருந்தால் தாராளமாகப் போதும். லட்ச ரூபாய் ரோடு பைக்கில் வருகிறவர்களைப் பார்த்துத் தயங்காதீர்கள். ஆனால் இருக்கிற சைக்கிளைப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே கடையில் விட்டு பிரேக், செயின், கியர் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முந்தின நாள் புது பிரேக் கட்டை போட்டால் அது பழகுவதற்குள் போட்டி முடிந்துவிடும்.

சீட் உயரம் நம்மில் பலருக்கும் தாழ்வாகத்தான் இருக்கிறது. நிறுத்தினால் இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று சின்ன வயதில் பழகியது போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் முழங்கால் நேராக நீள வேண்டும். அதே உயரத்தில் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரி. சீட் தாழ்ந்திருந்தால் தொடையின் முன்பக்கம் சீக்கிரம் களைத்துப்போகும். கடைசி ஓட்டத்தில் அதன் விலை தெரியும்.

ஷூவைப் பெடலில் பூட்டும் கிளீட் வகை இப்போது வேண்டாம். சாதாரணத் தட்டைப் பெடலும் ஓட்ட ஷூவுமே போதும். ஒரே ஷூவில் மூன்றையும் முடித்துவிடலாம், மாற்றும் நேரம் மிச்சம், இறங்கும்போது விழும் பயமும் இல்லை. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த குழாய் விழும்போது உடம்பில் குத்தும் என்பதால் மூடி இல்லாத சைக்கிளைப் போட்டிக்குள் விட மாட்டார்கள். டயருக்கு எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். பெட்ரோல் பங்க் காற்று பைக் மாதிரி தடித்த வால்வுக்குத்தான் சேரும். வால்வு மெலிதாக இருந்தால் அதற்கென்று ஒரு பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சர் ஆன டியூபை மாற்ற வீட்டிலேயே பழகுங்கள், பின்சக்கரத்தையும் சேர்த்து.

எங்கள் தெரு மெக்கானிக் தம்பி சொன்ன ஒன்று போட்டி அன்று மிகவும் உதவியது. “அக்கா, கனமான கியர்லயே நிப்பாட்டிட்டீங்கன்னா கிளம்பும்போது கால் இழுத்துக்கும். லேசுல போட்டு வெச்சுட்டு ஓடப் போங்க.” முதல் ஓட்டம் முடிந்து மூச்சு வாங்க ஏறும் அந்த நேரத்தில் லேசான கியர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது ஏறினால் தெரியும்.

பயிற்சி

வாரத்துக்கு நான்கு நாள் போதும். இரண்டு நாள் ஓட்டம், ஒரு நாள் சைக்கிள், ஒரு நாள் இரண்டும் சேர்த்து. நான் செவ்வாய், வியாழன் ஓடுவேன், சனி மிதிப்பேன். ஞாயிறு கடை திறக்க அவசரமில்லை என்பதால் அன்றைக்குச் சேர்த்துப் பயிற்சி. ஓட்ட நாளில் ஒன்று மெதுவாக, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். இன்னொன்றில் நடுவில் சில நிமிடம் வேகமாக. இவ்வளவுதான். இதற்கு மேல் அட்டவணை போட்டு மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

சேர்த்துச் செய்யும் பயிற்சியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இதைப் பிரிக் என்கிறார்கள். சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓட வேண்டும். காபி குடித்துவிட்டு ஓடினால் கணக்கில் வராது. சைக்கிளில் இடுப்பு மடங்கியே இருக்கிறது, தொடையின் முன்பக்கம் ஓயாமல் வேலை செய்கிறது, பாதத்தில் அடி விழுவதில்லை. இறங்கிய நொடியில் இடுப்பு நிமிர வேண்டும், உடம்பின் எடை முழுவதும் ஒவ்வோர் அடியிலும் காலில் இறங்குகிறது. முதல் சில நிமிடம் கால் மரத்த மாதிரி இருக்கும், நம்முடைய கால்தானா என்று சந்தேகம் வரும். பிறகு தானாக வழிக்கு வரும். வழிக்கு வரும் என்பதை உடம்பு முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பயிற்சி. முதல் வாரம் அரை மணி மிதித்துவிட்டு 5 நிமிடம் ஓடினால் போதும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக 15, 20 நிமிடம் வரை கொண்டு வாருங்கள். போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் ஒருநாள் ஓட்டம், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் பாதித் தூரத்தில் வரிசையாகச் செய்து பாருங்கள்.

நான் சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்கு வந்து, ஈ.சி.ஆரில் தெற்கே திரும்பி, உத்தண்டி டோல் தாண்டி முட்டுக்காடு வரை போய்த் திரும்புவேன். இருட்டுப் பிரியாத நேரத்தில் தனியாகப் போகாதீர்கள், பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஞாயிறு காலையில் அந்தச் சாலையில் சைக்கிள் குழுக்கள் நிறையப் போகும், ஒரு குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். முன்னும் பின்னும் விளக்கு இருக்கட்டும்.

அந்தச் சாலையில் காற்றுதான் மேடு. முட்டுக்காடு பாலத்தில் இரண்டு பக்கமும் வெறும் தண்ணீர், மறைக்க ஒரு மரம் கிடையாது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று தெற்கே போகும்போது முதுகில் தள்ளும். அதை நம் பலம் என்று நினைத்துக்கொண்டு மிதித்தால் திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்றில் வேகத்தைப் பார்க்காதீர்கள். கியரை இறக்கி, கால் சுற்றுவதை மட்டும் சீராக வைத்துக்கொள்ளுங்கள். தையல் மிஷினை மிதிக்கிற மாதிரிதான், வெட்டி வெட்டி மிதித்தால் நூல் அறும். வலது முழங்கால் மேலே வருவதை 15 வினாடி எண்ணுங்கள். 20-லிருந்து 22 வந்தால் நிமிடத்துக்கு 80-லிருந்து 88 சுற்று. கனமான கியரில் 60 சுற்று மிதித்து அதே வேகத்தில் போகவும் முடியும். ஆனால் அது தொடையைத் தின்றுவிடும், பிறகு ஓடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

உடுப்பு, நம்பர் பெல்ட்

இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சைக்கிள்காரர்கள் போடும் தடித்த பேட் வைத்த ஷார்ட்ஸ் 20 கிலோமீட்டருக்குத் தேவையில்லை. அதோடு ஓடினால் வியர்வையில் ஊறித் தொடைக்கு நடுவில் கனக்கும். மெல்லிய பேட் உள்ள டிரையத்லான் ஷார்ட்ஸ் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ஓட்டத்துக்குப் போடும் டைட்ஸே போதும். வாங்குவதற்கு முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கவட்டையில் நான்கு தையல் வந்து ஒரே புள்ளியில் சேர்ந்து முடிச்சு மாதிரி தடித்திருந்தால் வேண்டாம், சைக்கிள் சீட் சரியாக அங்கேதான் அழுத்தும். அந்த இடத்தில் வைர வடிவில் தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தால் தையல்கள் ஓரத்துக்கு விலகிவிடும். விரலால் தடவும்போது ஓவர்லாக் தையல் மேடாகத் தட்டுப்படும், ஃபிளாட்லாக் தையல் தட்டையாக இருக்கும். ஃபிளாட்லாக்கே எடுங்கள். அப்படியும் தொடை உரசும் இடத்தில் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள்.

ஸ்போர்ட்ஸ் பிராவைப் போட்டுக்கொண்டு கையை மேலே தூக்கிக் குதித்துப் பாருங்கள். கீழ்ப்பட்டை மேலே ஏறினால் அது உங்களுக்குப் பெரிய அளவு. துப்பட்டா, தொங்கும் நாடா, நீளமான டி-ஷர்ட் நுனி எதுவும் வேண்டாம், செயினிலும் சக்கரத்திலும் மாட்டும்.

நம்பர் தாள் சைக்கிளில் முதுகுப் பக்கமும், ஓடும்போது முன்பக்கமும் தெரிய வேண்டும் என்று பல போட்டிகளில் கேட்கிறார்கள். டி-ஷர்ட்டில் குத்திக்கொண்டால் திருப்ப முடியாது. அதற்குத்தான் பெல்ட். கடையில் விற்கிறார்கள், ஆனால் வீட்டில் தைப்பது கால் மணி வேலை. ஓர் அங்குல அகல எலாஸ்டிக் வாங்குங்கள். இடுப்பெலும்பு மேல் சுற்றி அளவெடுத்து அதில் 4 அங்குலம் குறைத்து வெட்டுங்கள். பள்ளிக்கூடப் பைக்கு வைக்கும் பிளாஸ்டிக் பக்கிளை இரண்டு முனையிலும் கோத்து மடித்து, ஜிக்ஜாக் தையல் போடுங்கள். நேர்த்தையல் போட்டால் எலாஸ்டிக் இழுபடும்போது நூல் அறுந்துவிடும். நம்பர் தாளின் மேல் ஓட்டைகள் இரண்டிலும் சேஃப்டி பின் கொடுத்து எலாஸ்டிக்கில் மாட்டுங்கள். சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும்போது ஒரே இழுப்பில் முன்பக்கம் வந்துவிடும்.

மாறும் இடம்

டிரான்ஸிஷன் என்று சொல்லும் இடத்தில் நீளமாகக் கம்பி கட்டியிருப்பார்கள். சைக்கிளை சீட் மூக்கால் அதில் தொங்கவிட வேண்டும். உங்கள் நம்பருக்கு ஒதுக்கிய இடத்தில் மாட்டிவிட்டு, ஓட்டத்திலிருந்து உள்ளே வரும் வழி, சைக்கிளோடு வெளியேறும் வழி, திரும்பி நுழையும் வழி, கடைசி ஓட்டத்துக்குப் போகும் வழி, நான்கையும் ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் வரிசை எத்தனையாவது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்துச் சைக்கிளின் நிறத்தை அடையாளம் வைக்காதீர்கள், நீங்கள் வருவதற்குள் அது போயிருக்கும். ஹெல்மெட்டைக் கவிழ்க்காமல், உள்பக்கம் மேலே தெரிய, வார் இரண்டும் வெளியே தொங்க ஹேண்டில்பாரில் வையுங்கள். அப்படியே எடுத்துத் தலையில் வைக்கலாம்.

சில விதிகளில் சலுகை கிடையாது. கம்பியிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன்பே ஹெல்மெட் கிளிப் போட்டிருக்க வேண்டும். திரும்பி வந்து மாட்டிய பிறகுதான் கழற்ற வேண்டும். உள்ளே சைக்கிளில் ஏறக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டித்தான் ஏற வேண்டும், திரும்பும்போது அதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். காதில் இயர்போன் கூடாது. என் பக்கத்தில் ஓடிய ஒரு பெண்ணிடம் தொண்டர் பையன் “மேடம், கிளிப்!” என்று கத்தினான். அவர் அங்கேயே நின்று போட்டுக்கொண்டார். எல்லாப் போட்டியிலும் அப்படிச் சொல்ல ஆள் இருக்காது.

இதை வீட்டில் பழகுங்கள். நான் மொட்டை மாடியில் கொடிக்கம்பிப் பக்கம் சைக்கிளை நிறுத்தி, ஒரு சுற்று ஓடிவந்து, ஹெல்மெட், கிளிப், சைக்கிள் என்று வாய்விட்டுச் சொல்லியபடியே செய்து பார்ப்பேன். மூச்சு வாங்கும்போது விரல் நடுங்கும், கிளிப் சேராது. அந்த நடுக்கத்தோடு செய்து பழகினால்தான் அங்கே கைகொடுக்கும்.

சாப்பாடு

இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, சட்னி காரமில்லாமல். புறப்படும் முன் ஒரு பூவம்பழம். சைக்கிள் பாட்டிலில் ஓ.ஆர்.எஸ்., பொட்டலத்தில் போட்டிருக்கும் தண்ணீர் அளவு மாறாமல். கையில் ஒரு கடலைமிட்டாய், வேண்டுமானால். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்றைக்குத் தொடாதீர்கள்.

போட்டி அன்று

நேரம் பதியும் சிப்பை இடது கணுக்காலில் கட்டுங்கள், வலது பக்கம் செயின் இருக்கிறது.

புறப்படும்போது எல்லோரும் பாய்வார்கள். போன வருடம் இரண்டு போட்டி ஓடிய என் அக்கா பையன் முந்தின நாள் சொன்னான்: “சித்தி, முதல் அஞ்சுல யார் முந்தினாலும் விட்டுடுங்க. கடைசி ரெண்டரைல அவங்க எல்லாரையும் பார்ப்பீங்க.” அவன் சொன்னபடியே நடந்தது. தனியாக 5 கிலோமீட்டர் போட்டி ஓடினால் என்ன வேகம் வருமோ, அதைவிடக் கிலோமீட்டருக்கு அரை நிமிடமாவது மெதுவாக ஓடுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிய வேண்டும்.

சைக்கிளில் முதல் 5 நிமிடம் மூச்சு அடங்க விடுங்கள், பிறகு குடியுங்கள். இடதுபுறமே போங்கள், முந்துவதானால் வலதுபுறம், குரல் கொடுத்துவிட்டு. முன்னால் போகிறவரின் முதுகில் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்ப்பதை டிராஃப்டிங் என்கிறார்கள். அது அனுமதி இல்லாத போட்டியில் வழக்கமாக 10 மீட்டர் இடைவெளி, ஏறக்குறைய ஆறு சைக்கிள் நீளம், விட வேண்டும். அதற்குள் நுழைந்தால் 20 வினாடிக்குள் முந்திவிட வேண்டும். உங்கள் போட்டியில் என்ன விதி என்று தொடங்கும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

கடைசி 2 கிலோமீட்டரில் கியரை இறக்கி வேகமாகச் சுற்றுங்கள். யாராவது முந்தட்டும். ஒருமுறை எழுந்து நின்று மிதித்து, குதிகாலைக் கீழே அழுத்திக் கெண்டைக்காலை நீட்டுங்கள். பாட்டிலில் மிச்சம் இருப்பதைக் குடித்துவிடுங்கள்.

இனி இரண்டாவது ஓட்டம். இங்கே உடம்பு ஒரு பொய் சொல்லும். இவ்வளவு நேரம் சைக்கிள் வேகத்தில் இருந்த கண்ணுக்கு ஓட்டம் ஊர்வது போலத் தெரியும், அதை நம்பி வேகத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். முதல் 500 மீட்டர் சின்னச் சின்ன அடியாக, வேகமாக அடி மாற்றி ஓடுங்கள். நீளமாகக் கால் வீசினால் கெண்டைக்காலில் தசை பிடிக்கும். தோளைத் தளர்த்துங்கள், முதுகை நிமிர்த்துங்கள், சைக்கிளில் குனிந்த முதுகு தானாக நிமிராது. தொடை கனம் இறங்கும் இடம் ஒன்று வரும், எனக்கு 1 கிலோமீட்டர் பலகைக்குச் சற்று முன்னால் வந்தது. பாதத்துக்கு அடியில் தரை மறுபடியும் தரையாகத் தெரிந்தது, மூச்சும் அடியும் சேர்ந்துகொண்டன. அப்போது வேகத்தைக் கூட்டினேன். முதல் ஓட்டத்தில் என்னைத் தாண்டிப் போனவர்களில் சிலர் இடுப்பில் கை வைத்து நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டும்போது “வாங்க, சேர்ந்து போகலாம்” என்று கூப்பிட்டேன், ஒருவர் வந்தார். கடைசி வரை கூடவே ஓடினார். நீங்களும் கூப்பிடுங்கள்.

முடித்ததும் உட்காராதீர்கள், 10 நிமிடம் நடங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சைக்கிளை எடுக்கப் போகும்போது நம்பர் தாளைக் கழற்றிவிடாதீர்கள், சைக்கிள் நம்பரும் உங்கள் நம்பரும் ஒத்திருந்தால்தான் வெளியே விடுவார்கள். சிப்பைத் திருப்பிக் கொடுங்கள். வீட்டுக்குச் சைக்கிளிலேயே மிதித்துப் போக வேண்டாம், யாரையாவது வரச் சொல்லிவிடுங்கள்.

அன்று சாயங்காலமே ஈரத்துணியால் ஹேண்டில்பார், சீட் குழாய், போல்ட்டுகள் எல்லாவற்றையும் துடையுங்கள். கடல்காற்று உப்பும் வியர்வை உப்பும் சேர்ந்தால் துரு சீக்கிரம் பிடிக்கும். செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பெல்ட்டைப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் எலாஸ்டிக் விட்டுப்போகும்.